வீரமாமுனிவர்: தேம்பாவணி தெரியும், அகராதி தெரியும்... கிராமத்து உபதேசியாருக்காக அவர் எழுதின புத்தகம் தெரியுமா?

ஆலங்குளம்னு மொபைல் மேப்ல தேடினா ரெண்டு ஊர் வரும். நாம சொல்றது தென்காசி பக்கம் இருக்கிற ஆலங்குளம் இல்லை. விருதுநகர் மாவட்டத்துல, வெம்பக்கோட்டை வட்டாரத்துல, அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். சுத்துவட்டாரம் முழுக்க கரிசல் காடு, பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ்.

அங்கிருந்து தெற்கே போனா கோவில்பட்டி. அதுக்குப் பக்கத்துல காமநாயக்கன்பட்டி. ஒவ்வொரு ஆகஸ்ட் 15-ம் தேதியும் அங்கே இருக்கிற பரலோக மாதா கோயில் திருவிழாவுக்கு அக்கம்பக்கத்து மாவட்டங்கள்ல இருந்தும் ஜனங்க கிளம்பிப் போவாங்க. அந்தக் காமநாயக்கன்பட்டியில் 300 வருஷத்துக்கு முன்னாடி வேலை பார்த்தவர்தான் ஜோசப் கான்ஸ்டன்டைன் பெஸ்கி. நாம பள்ளிக்கூடத்தில் படிச்ச வீரமாமுனிவர்.

தேம்பாவணி எழுதினார், சதுரகராதி தந்தார், தமிழ் எழுத்தைச் சீர்திருத்தினார். பத்து மார்க் கேள்விக்கு இது போதும். ஆனா இத்தாலியில் இருந்து அவர் வந்தது புலவர் ஆகிறதுக்காக இல்லை. அவரோட அன்றாட வேலை வேற. எழுதப் படிக்கத் தெரிஞ்ச, சில சமயம் அதுவும் தெரியாத கிராமத்துப் பெரியவங்களுக்கு அவங்க நம்பிக்கையைப் புரிய வைக்கணும். அதை அவங்களே அடுத்தவங்களுக்குச் சொல்ற அளவுக்குத் தயார் பண்ணணும். அவரோட தமிழில் பாதி அந்த வேலையில் இருந்துதான் பிறந்தது.

யார் இந்த பெஸ்கி?

1680 நவம்பர் 8-ம் தேதி, இத்தாலியில் மாந்துவா பகுதியைச் சேர்ந்த காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1709-ல் குருப்பட்டம். அடுத்த வருஷமே லிஸ்பனில் கப்பல் ஏறி, 1710 அக்டோபரில் கோவா வந்து இறங்கினார். 1711-ல் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். அப்போ அவருக்கு வயசு 30.

வந்த புதுசுல வடக்கன்குளம், காமநாயக்கன்பட்டி என்று தெற்குச் சீமையில்தான் வேலை. அன்றைக்கு அது மதுரை நாயக்கர் ஆட்சியும் பாளையக்காரர்களும் இருந்த பூமி. கும்பினி ராஜ்ஜியம் எல்லாம் இன்னும் வரவில்லை. ஒரு வெளிநாட்டுச் சாமியாருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. 1714-15 வாக்கில் பெஸ்கிக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டு, கடைசி நேரத்தில் தப்பித்தார். இது சும்மா மிரட்டல் இல்லை. இதே மதுரை மிஷனைச் சேர்ந்த அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டுச் செத்திருந்தார். பெஸ்கி வரும்போது அது நடந்து 20 வருஷம்கூட ஆகவில்லை.

முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். காவி உடை, சைவ உணவு, தமிழ்த் துறவி போன்ற வாழ்க்கை. இதுவும் அவர் புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி போட்டுத்தந்த பாதை அது.

சரி, உபதேசியார்னா யாரு?

இங்கேதான் கதையோட மையம் இருக்கு. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மதுரை மிஷன் என்பது ஒரு ஊர் இல்லை. மதுரை, நெல்லை, ராமநாதபுரம், தஞ்சை, திருச்சி என்று பரந்து கிடந்த நிலம். அதற்கு இருந்த பாதிரியார்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ரோடு இல்லை, வண்டிப்பாதையே அபூர்வம். ஒரு சாமியார் ஒரு கிராமத்துக்கு வந்துட்டுப் போனா, திரும்ப எப்போ வருவார்னு யாருக்கும் தெரியாது. மழை, சண்டை, பாளையக்காரர் தகராறு, காய்ச்சல் எல்லாம் சேர்ந்து அந்த இடைவெளியை இன்னும் நீட்டும்.

அப்போ நடுவில் அந்த ஊரை யார் பார்த்துக்கொள்வது? அந்த வேலைக்குத்தான் உபதேசியார். பெஸ்கி காலத்துச் சொல் வேதியர். இன்றைக்கு வேதியர்னா பலருக்கு வேற அர்த்தம் தோணும், ஆனா அன்றைய கத்தோலிக்க வழக்கில் வேதம் சொல்லிக்கொடுக்கிறவர் வேதியர். தென் மாவட்டங்களில் கோயில்பிள்ளை என்று இப்பவும் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அவர் பாதிரியார் இல்லை. பெண்டாட்டி, பிள்ளை, காடு, மாடு எல்லாம் உள்ள குடும்பஸ்தர்.

அவர் வேலைப் பட்டியல் நீளம். பெரியவர்களுக்குப் பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கணும். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரை, அதுக்கு என்ன அர்த்தம்னு புரிகிற வரைக்கும் தயார் பண்ணணும். ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைக் கூட்டி ஜெபம் நடத்தணும். சாகப்போகிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும். செத்தவரை அடக்கம் செய்யணும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் இருந்து வரப்புத் தகராறு வரை விசாரிச்சு, சாமியார் வரும்போது அறிக்கை தரணும். பூசையும் பாவசங்கீர்த்தனமும் போன்ற குருவுக்கே உரியவை அவர் கையில் இல்லை.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரு கிராமத்தோட மொத்த நம்பிக்கையும் இந்த ஒரு மனுஷர் எவ்வளவு புரிஞ்சு வச்சிருக்கார், எப்படி நடந்துக்கிறார்ங்கிறதுல தொங்குது. அவர் தப்பாச் சொன்னா ஊரே தப்பாப் புரிஞ்சுக்கும். அவர் குடிச்சாலோ காசு வாங்கினாலோ ஊர் மரியாதை போகும். சாமியார் வந்து திருத்தறதுக்குள்ள ரொம்ப நாள் ஓடியிருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு முன்கதை உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், தமிழ் தெரிந்த ஆட்களின் துணையோடு ஜெபங்களைத் தமிழாக்கி, ஊருக்கு ஊர் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துவிட்டுப் போனார். அவர்களுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சேறிய முதல் புத்தகங்களில் ஒன்று; தமிழ் அச்சுக்கே தொடக்கம் என்று சொல்லப்படுவது. அது என்ன புத்தகம் தெரியுமா? ஹென்றிக் ஹென்றிக்கஸ் தமிழில் கொண்டுவந்த 16 பக்க மறைக்கல்விச் சிறுநூல். தமிழ் அச்சு வரலாறே ஜனங்களுக்கு மதம் சொல்லித்தரும் வேலையில்தான் ஆரம்பிக்குது.

ஏலாக்குறிச்சியில் நடந்தது என்ன?

தெற்கே சில வருஷம் இருந்த பெஸ்கி பின்னால் வடக்கே, கொள்ளிடக் கரைப் பக்கம் போனார். இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிதான் அவரோட தலைமையிடம். அந்த ஊருக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில். கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில். தேம்பாவணியும் இந்தக் காலத்து வேலைதான். 3,615 பாட்டு, 36 படலம், கதாநாயகன் சூசையப்பர், அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதனால தாண்டிப் போவோம்.

ஏலாக்குறிச்சியில் வேதியர்களைக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்தார். அவங்க கையில் கொடுக்கிறதுக்காக எழுதினதுதான் 'வேதியர் ஒழுக்கம்'. 1720-களின் பின்பாதியில், தேம்பாவணிக்கு அடுத்தபடியாக வந்த உரைநடை நூல்.

பேரைப் பார்த்தா ஏதோ சட்டதிட்டப் புத்தகம் மாதிரி இருக்கும். அப்படி இல்லை. ஒரு வேதியர் தனக்குக் கிடைத்த வேலை எவ்வளவு பெரியது என்று முதலில் அவரே உணரணும் என்பதுதான் அதோட அடித்தளம். பைபிள் கதைகளையும் புனிதர்கள் வாழ்க்கையையும் எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுகிறது. அடுத்தவனுக்கு வழி சொல்கிறவன் தானே அந்த வழியில் நடக்காவிட்டால் வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது என்கிறது. ஜெபம், பொறுமை, ஆன்மாக்கள் மேல் அக்கறை ஆகியவற்றை வற்புறுத்துகிறது. வெறுமனே படித்துவிட்டு மூடி வைக்கிற புத்தகம் இல்லை, உட்கார்ந்து யோசித்து, தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டிய புத்தகம். இயேசு சபைக்காரர்கள் தங்களுக்குள் செய்கிற தியானப் பயிற்சியை ஒரு கிராமத்துக் குடும்பஸ்தருக்கு ஏற்ற மாதிரி தமிழில் இறக்கி வைத்தார் என்று சொல்லலாம்.

எதுக்கு இதை உரைநடையில் எழுதினார்? அந்தக் காலத்தில் படித்தவர் மதிக்கிற எழுத்து என்றால் செய்யுள். அதிலும் தன்னால் முடியும் என்று தேம்பாவணியில் காட்டிவிட்டார். ஆனா ஒரு உபதேசியார் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் இருபது பேரை உட்கார வைத்து வாசித்துக் காட்ட விருத்தப்பா உதவாது. வாசித்த உடனே காதில் ஏறணும், புரியணும். அதே சமயம் கொச்சையாகவும் இருக்கக் கூடாது. அதற்காக அவர் செய்த நடை, பின்னால் தமிழ் உரைநடை வரலாற்றில் ஒரு மைல்கல் ஆனது. தமிழ் உரைநடையின் தந்தை என்றுகூட அவரைச் சொல்வதுண்டு. நொபிலி ஏற்கெனவே 'ஞானோபதேசம்' எழுதியிருந்தாரே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். நொபிலியின் நடையில் வடமொழிச் சொல் அதிகம். பெஸ்கியின் வாக்கியம் அதைவிட லேசாக நடக்கிறது.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கணும். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளி வைப்பதை விட்டுவிட்டார்கள். எ, ஒ குறில் என்று காட்டுவதே அந்தப் புள்ளிதான். அது போனதும் கொடியா கோடியா, பெறுவா பேறுவா என்று ஓலையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. புலவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். கூட்டத்துக்கு நடுவே உரக்க வாசிக்கிற, அரைகுறையாகப் படித்த ஒருவர் தடுக்கி விழுவார். நெடிலுக்குத் தனிச் சுழியும் காலும் வைத்த பெஸ்கி இலக்கணக்காரராகத்தான் அதைச் செய்தார், ஆனா அதனால் முதலில் பிழைத்தது இந்த மாதிரி வாசகர்களாகத்தான் இருக்கணும் என்பது நம்ம கணிப்பு.

பெண்கள் விஷயம்?

வேதியர்கள் எல்லாம் ஆண்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் எழுத்துப் பழக்கம் இல்லை. அப்போ அவங்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? இதுக்குப் பெஸ்கியிடம் ஒரு பதில் இருந்தது. 'கித்தேரியம்மாள் அம்மானை'. கித்தேரியம்மாள் என்கிற புனிதையின் கதையை அம்மானைப் பாட்டாக எழுதினார். அம்மானை என்பது பெண்கள் காய் தூக்கிப் போட்டு விளையாடிக்கொண்டே பாடுகிற வடிவம். கதை கேட்க ஓலை வேண்டாம், காது போதும். இன்னும் திருக்காவலூர்க் கலம்பகம், அன்னை அழுங்கல் அந்தாதி என்று பலதும் எழுதினார். ஆனா ஜனங்களுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது இந்த அம்மானை மாதிரி எளிய வடிவம்தான்.

அந்தப் பக்கம் போட்டி வேற இருந்துச்சு

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். லுத்தரன் மிஷன். அவர்களிடம் அச்சுக்கூடம் இருந்தது. 1715 வாக்கில் புதிய ஏற்பாடு முழுசும் தமிழில் அச்சாகி வந்துவிட்டது. கத்தோலிக்கத் தரப்பில் இன்னும் ஓலையைப் பார்த்து ஓலை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அச்சடித்த புத்தகத்தோடு ஒருவர் கிராமத்துக்கு வந்து, உங்க சாமியார் சொல்றது தப்பு, இதோ பாருங்க என்றால் உபதேசியார் என்ன செய்வார்? மந்திரத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவரால் பதில் சொல்ல முடியாது. ஏன் நம்புறோம்னு தெரிஞ்சிருக்கணும். பெஸ்கி 1728-ல் 'வேத விளக்கம்' எழுதினதுக்குக் காரணம் இந்த நெருக்கடி. 'பேதகம் மறுத்தல்', 'லுத்தரினத்தியல்பு' என்று அடுத்தடுத்து வாதநூல்கள். இன்றைக்கு இவற்றைப் படித்தால் சில இடங்களில் சூடு அதிகம். எதிர்த்தரப்பை மட்டம் தட்டுவதில் அவர் கொஞ்சமும் கஞ்சத்தனம் காட்டவில்லை. இரண்டு தரப்பும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னன்னா, பெஸ்கி லத்தீனில் எழுதின கொடுந்தமிழ் இலக்கணத்தை, அதாவது பேச்சுத் தமிழ் இலக்கணத்தை, 1730-களின் கடைசியில் அச்சடித்து வெளியிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சுக்கூடம்! எதிரி எழுதினதுதான், ஆனா பேச்சுத் தமிழ் கத்துக்க அதைவிட நல்ல புத்தகம் இல்லை.

சதுரகராதி (1732), தொன்னூல் விளக்கம் (1730), திருக்குறளில் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் லத்தீன் மொழிபெயர்ப்பு என்று மற்ற வேலைகளும் கூடவே நடந்தன. இன்பத்துப்பாலைத் துறவி தொடவில்லை. சிரிக்க வைக்கும் 'பரமார்த்த குரு கதை' அவர் பேரில் வழங்குகிறது. அது 1822-ல் லண்டனில் அச்சானது. மூடச் சீடர்களையும் அவர்களைவிட மூட குருவையும் கிண்டல் பண்ணும் கதை அது. சீடர்களைப் பயிற்றுவிக்கிறதே தொழிலாக இருந்தவர் இப்படி ஒரு கதை எழுதினார் என்பதைக் கவனிங்க.

எல்லாமே சரியா நடந்துச்சா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிதான்.

மதுரை மிஷன் சாதியைக் கேள்வி கேட்டு வளர்ந்த மிஷன் இல்லை. சாதி அடுக்கை ஏற்றுக்கொண்டு, அதற்குள் வேலை செய்த மிஷன். ஒரு தரப்புக்குப் போகிற சாமியார் வேற, இன்னொரு தரப்புக்குப் போகிற சாமியார் வேற என்ற ஏற்பாடுகூட அதில் இருந்தது. மந்திரம் ஒன்றுதான், உட்கார்ந்து கற்றுக்கொண்ட இடம் ஒன்று இல்லை. பெஸ்கி வந்த புதிதில் இருந்த வடக்கன்குளத்தில், அவருக்குப் பின்னால் வந்த காலத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கிளை வைத்துக் கோயிலே கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பு இடிக்கப்பட்டது 1910-ல்தான். அதுவும் பெரிய தகராறுக்கு நடுவே. பெரியவர்களுக்கு மறைக்கல்வி கொடுத்தாச்சு, அதனால் மனசும் மாறிடுச்சு என்று சொல்ல வரலாறு இடம் கொடுக்கவில்லை.

இன்னொரு விஷயம், அவரைப் பற்றி உலவும் கதைகள். சந்தா சாகிப்பிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் போனார், புலித்தோல் ஆசனத்தில் உட்கார்ந்தார் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். பெஸ்கி இறந்து ரொம்ப காலம் கழித்து, 1822-ல் முத்துச்சாமிப் பிள்ளை எழுதின வாழ்க்கை வரலாறு இந்தச் செய்திகளுக்குப் பெரிய மூலம். திவான் பதவியை ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்பதில்லை. சந்தா சாகிப்போடு அவருக்குப் பழக்கம் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

1740-களில் திருச்சி வட்டாரம் மராட்டியர் படையெடுப்பால் கலங்கியது. பெஸ்கி தெற்கே நகர்ந்து, கடைசியில் கேரளத்து அம்பழக்காட்டுக்குப் போனார். 1747 பிப்ரவரி 4-ம் தேதி அங்கேயே இறந்தார். அருளானந்தர் ஓரியூரில் வெட்டப்பட்ட அதே தேதி. வயது 66. ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை.

அவர் போன பிறகுதான் உண்மையான பரீட்சை

1759-ல் போர்ச்சுகல் தன் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களில் இருந்து இயேசு சபையைத் துரத்தியது. 1773-ல் போப் பதினான்காம் கிளமெண்ட் சபையையே கலைத்துவிட்டார். மதுரை மிஷனுக்குப் புதுச் சாமியார் வருவது நின்றுபோனது. இருந்தவர்கள் ஒவ்வொருவராக வயசாகி இறந்தார்கள். கோவாவில் இருந்தும் புதுச்சேரிப் பக்கம் இருந்தும் சிலர் வந்து போனார்கள், ஆனா அந்தப் பரப்புக்கு அது போதவே போதாது. 1814-ல் சபை மறுபடி உயிர்பெற்று, பிரெஞ்சு இயேசு சபையினர் 1830-களின் கடைசியில் மதுரைக்குத் திரும்பி வரும் வரை ஏறக்குறைய 65 வருஷம். ரெண்டு தலைமுறைக்கும் மேல.

அந்த 65 வருஷமும் தென்மாவட்டத்துக் கிராமங்களில் குழந்தைக்குப் பெயர் வைத்தது, ஜெபம் சொல்லிக்கொடுத்தது, சாவு வீட்டில் நின்றது உபதேசியார்களும் கோயில்பிள்ளைகளும் வீட்டுப் பாட்டிகளும்தான். பல இடங்களில் பழக்கம் தேய்ந்தது. சில குடும்பங்கள் விட்டுப் போயின. சில ஊர்களில் மந்திரம் மிஞ்சியது, அர்த்தம் மறந்தது. ஆனா திரும்பி வந்த சாமியார்கள் வெறும் நிலத்தைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்தார்கள். கோயில் கட்டடத்தைக் காப்பாற்றுகிறதைவிட இது கஷ்டமான காரியம்.

இதே தெற்குச் சீமையில் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்து வளர்ந்த இன்னொரு கதையும் பெஸ்கி உயிரோடு இருந்த காலத்தில்தான் நடந்தது. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தினவர் பாதிரியார் இல்லை, டி லனாய் என்ற டச்சுப் படைத்தளபதி. 1745-ல் அதே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ம் தேதி வாடிகனில் அவருக்குப் புனிதர் பட்டம். இந்தியாவில் இருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர் அவர்தான்.

இப்போ இதெல்லாம் எதுக்கு?

ஏன்னா அந்த ஏற்பாடு வேற பேரில் இப்பவும் நடக்குது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பங்கைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சுமார் 20, 30 குடும்பம். வாரத்துக்கோ மாசத்துக்கோ ஒரு வீட்டில் கூடி, பைபிள் பகுதியை வாசித்து, அவரவர் வாழ்க்கையோடு பொருத்திப் பேசுவார்கள். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் கஷ்டம் என்பதும் அங்கேதான் வெளியே வரும். நடத்துவது பாதிரியார் இல்லை, அந்தத் தெருக்காரர். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வாடிகன் சங்கத்துக்குப் பிறகு பொதுநிலையினருக்குக் கிடைத்த இடம் இது. பெரியவர்கள் கிறிஸ்தவராகச் சேர்வதற்குப் படிப்படியான தயாரிப்பு முறையை ரோம் 1972-ல் மறுபடி கொண்டுவந்தது. உபதேசியார் வேலையைத் திருச்சபையின் அதிகாரபூர்வப் பணியாக போப் பிரான்சிஸ் அறிவித்தது 2021 மே மாசம். பெஸ்கி அவங்களுக்குப் புத்தகம் எழுதி ஏறக்குறைய 300 வருஷம் கழித்து!

பட்டாசு, தீப்பெட்டி வட்டாரத்தில் இந்த மாதிரிக் கூட்டத்துக்கு நேரம் கிடைப்பதே பெரிய விஷயம். காலையில் வேன் ஏறிப் போகிறவர்கள் சாயங்காலம் களைத்துத் திரும்பி, சமைத்து, பிள்ளையைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் எங்கேயும் போக முடியும். தீபாவளி நெருங்கினா அதுவும் இல்லை. அன்பியத்துக்கு ஆள் வரவில்லை, வந்தாலும் பெண்கள் மட்டும்தான் வருகிறார்கள், ஆண்கள் வருவதில்லை என்பது பல பங்குகளில் கேட்கிற புலம்பல். கூட்டம் வெறும் ஜெபமாலையோடு முடிந்துவிடுகிறது, பேச்சு நடக்கவில்லை என்பது இன்னொன்று. மந்திரம் மனப்பாடம் ஆனால் போதுமா, அர்த்தம் தெரியணுமா என்று பெஸ்கி காலத்தில் இருந்த கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு வித்தியாசம், அன்றைக்குப் பேசுகிறவர் ஒருத்தர், கேட்கிறவர்கள் இருபது பேர். அன்பியத்தில், சரியாக நடந்தால், இருபது பேரும் பேசணும்.

அவர் நினைவாக என்னென்ன இருக்கு?

சென்னை மெரினாவில் வீரமாமுனிவர் சிலை இருக்கிறது, 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலும் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலும் இன்றைக்கும் யாத்திரைத் தலங்கள். சதுரகராதி அச்சில் முழுசாக வந்தது 1824-ல், அவர் இறந்து 77 வருஷம் கழித்து. அதுவரை மற்ற புத்தகங்களைப் போல அதுவும் ஓலையிலும் கையெழுத்துப் படியிலும்தான் ஊர் ஊராகப் போனது. 'வேதியர் ஒழுக்கம்' பின்னாளில் அச்சானது. இன்றைய கண்ணுக்குச் சொற்கள் சில இடங்களில் பழசாகத் தெரிந்தாலும், உரக்க வாசித்தால் இன்னும் ஓடுகிறது.